படர்ந்தால் குப்பை

வாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் நிற்காதீர்கள். வாசலைக் கடந்து உள்ளே வாருங்கள். பெற்றவளையும் உடன்பிறந்தவளையும் மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறீர்களே, அந்தப் பெஞ்சுக்கு நேர் கீழே இருக்கிறது இந்த அறை. உங்கள் வீட்டாரின் சீழும் சிறுநீரும் இரத்தமும் வந்து சேரும் இடம் இதுதான். எந்தக் கிருமி அவர்களைத் தின்கிறது, எந்த மருந்துக்கு அது மடியும் என்று கண்டு சொல்வதற்காகவே கட்டப்பட்ட அறை. கண்டதை இங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மூலையில் நிற்கும் மஞ்சள் பையைப் பாருங்கள். மூடியிட்ட வட்டத் தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, உயிர் அடங்காமல், கொதிகலனின் வாய்க்குக் காத்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் புண். ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்காமலே வேகவைத்துக் கொல்லும் நீதிமன்றம் உலகில் உண்டா? உண்டு. இதோ இருக்கிறது. இன்று நீங்கள் சாட்சியாக நில்லுங்கள்.

அந்த அறையில் வேலை பார்த்தவளை எல்லாரும் ‘மூக்கு’ என்று அழைத்தார்கள். தட்டின் மூடியைச் சற்றே உயர்த்திய கணத்தில், சாயம் ஏற்றுவதற்கும் நுண்ணோக்கியில் வைப்பதற்கும் முன்பே, காற்றில் எழும் மணத்தைக் கொண்டு உள்ளே வளர்ந்திருப்பது இன்னது என்று சொல்லிவிடுவாள். திராட்சைச் சாறுபோல் மணப்பது ஒன்று, புளித்த மாவுபோல் மணப்பது இன்னொன்று. தட்டை முகர்வது தவறு என்று பாடப்புத்தகம் சொல்லும். அவளும் புதிதாகச் சேர்பவர்களுக்கு அதையேதான் சொல்வாள். சொல்லிவிட்டு முகர்வாள்.

அன்று காலை, தட்டுகளை வெதுவெதுப்பில் வைத்துக் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்தபோது மணம் முந்திக்கொண்டு வந்தது. கெட்டுப்போன மீனும் கருகிய சர்க்கரையும் கலந்தாற்போன்ற, தொண்டையின் பின்புறத்தில் எண்ணெய்போலப் படியும் அந்த மணத்தை அவள் அறிவாள். தட்டு முழுவதும் படர்ந்து, மற்றக் கிருமிகளையெல்லாம் போர்வைபோல மூடிவிடும் கிருமியின் மணம் அது. படர்வது அதன் இயல்பு. குளத்தில் எறிந்த கல்லைச் சுற்றி அலை விரிவதுபோல, விதைத்த புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக விரியும். சிறிது தூரம் ஓடும், நிற்கும், இளைப்பாறும், மறுபடி ஓடும். ஒவ்வொரு முறை நின்ற இடமும் ஒரு வளையமாகத் தெரியும். இத்தனை ஆண்டு வேலையில் அவள் எண்ணற்ற முறை பார்த்த காட்சி.

இந்தத் தட்டில் வளையங்கள் இல்லை. கிருமிக்கு உணவாகத் தட்டில் உறையவைத்த செந்நிற அகரின் நடுவிலிருந்து ஒரே திசையில், கனத்த நாக்கு ஒன்று நீண்டு விளிம்பைத் தொட்டிருந்தது. அது நீண்டிருந்த திசை கதவுப்பக்கம். அவள் நிற்கும் பக்கம்.

அடுக்கு சாய்ந்திருக்கும் என்று எண்ணித் தட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். மற்றத் தட்டுகளைப் பிரித்து அடுக்கிவிட்டுத் திரும்பியபோது, நாக்கின் முதுகிலிருந்து பனி படிந்தாற்போல் மெல்லிய புதிய படலம் ஒன்று புறப்பட்டிருந்தது. அவள் நாற்காலி இருந்த பக்கமாக.

பிறகுதான் தட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். மகப்பேற்று அறுவை வார்டு. ஜன்னலோரக் கட்டில். அவளுடைய தங்கை.

வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்த பின் தங்கைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. போடும் ஊசி கேட்கவில்லை. காயத்தில் இருப்பது இன்ன கிருமி என்று கீழேயிருந்து கையெழுத்தோடு வந்தாலொழிய ஊசியை மாற்றமாட்டேன் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் ஆய்வகப் பொறுப்பாளர். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அந்த அறையில் மட்டுமே செல்லுபடியாகும் சட்டம்: படர்ந்தால் குப்பை. படரும் கிருமி தட்டையே கெடுத்துவிடுகிறது. ஆகவே மாதிரி மாசுபட்டது என்று மேலே சொல்லிவிட்டு மறு மாதிரி கேட்கவேண்டும். மறு மாதிரி கேட்டு ஆள் போகும்போது சில சமயம் கட்டில் காலியாக இருக்கும்.

“என்ன மூக்கு, இன்னும் அதைத் தூக்கிப் போடலையா?” பின்னாலிருந்து பொறுப்பாளரின் குரல் கேட்டது. கையில் டீ டம்ளர், முகத்தில் தூக்கம் கலையாத சிரிப்பு.

“சார், இது எங்க தங்கச்சியோடது.”

“அதுக்கு? தங்கச்சியோடதுன்னா ஃபிரேம் போட்டு மாட்டுவோமா?”

“இதே வார்டுல இருந்து வர்றது எல்லாமே படருது சார். நேத்து செத்துப்போனாங்களே, அந்த லாரிக்காரர் சம்சாரம், அவங்களோடதும் படர்ந்துச்சு. மாசுன்னு சொல்லித் தூக்கிப் போட்டோம்.”

“மாசுதாம்மா. கட்டு மாத்துறப்ப கை படும், டிராலி படும்.”

“கை படுதுன்னா அதானே சார் விஷயமே?”

சிரிப்பு நின்றது. அவர் டம்ளரை மேசையில் வைத்து, அதன் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். “கேளு. நான் இதுக்குப் பேர் வெச்சா வார்டை மூடணும். ஆபரேஷன் தியேட்டரை மூடணும். மூடினா மேல இருக்கிறவங்க யாரு சட்டையைப் பிடிப்பாங்க? டாக்டர் சட்டையையா? என் சட்டையை. மறு மாதிரி வரட்டும், நாளைக்குப் பாப்போம்.”

“நாளைக்குள்ள அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

“கிருமிக்குச் சொந்தபந்தம் கிடையாதும்மா. இந்த அறைக்குள்ள வந்தா உனக்கும் கிடையாது.” அவர் போய்விட்டார்.

கேட்டீர்களா? ஒரு பெண்ணின் உயிருக்கும் ஒருவரின் சட்டைக் காலருக்கும் நடுவே தராசு பிடித்தார்கள். எந்தத் தட்டு தாழ்ந்தது என்று கேட்டீர்களா?

அவள் தட்டைத் தூக்கிப் போடவில்லை. வளையக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, நாக்கின் நுனியைத் தொட்டு, நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லில் தடவினாள். சூடுகாட்டி ஒட்டவைத்தாள். ஊதாச் சாயம், அயோடின், பிறகு ஆல்கஹால். ஊதாவை இறுகப் பற்றிக்கொள்ளும் கிருமிகள் ஒரு வகை. ஆல்கஹால் பட்டதும் ஊதாவை உதறிவிட்டு, கடைசியாக ஊற்றும் சிவப்பைக் குடித்துக்கொள்பவை இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குக் கிராம் நெகட்டிவ் என்று பெயர். நுண்ணோக்கியின் வட்ட வெளிச்சத்தில் அவை தெரிந்தன. இளஞ்சிவப்புக் குச்சிகள். நெருப்பில் வாட்டப்பட்டுச் செத்து ஒட்டிய உடல்கள். எங்கும் சிதறிக் கிடக்க வேண்டியவை. அத்தனையும், காந்தத்துக்கு முன் இரும்புத்தூள்போல, ஒரே திசைக்குத் தலை வைத்துக் கிடந்தன.

சில்லைப் பாதி வட்டம் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். மறுபடி குனிந்தாள். தலைகள் மாறவில்லை. சில்லுதான் திரும்பியிருந்தது. அவை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

செத்தது அசையாது. இது அவள் அறிந்த உண்மை. நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். கிருமி யூரியாவைச் சிதைக்கிறதா என்று காட்டும் யூரியாக் குழாயில் அதை ஒரு துளி விட்டாள். சில மணி நேரம் எடுத்துக்கொண்டு வெளிர்மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாற வேண்டிய குழாய், அவள் மூடியைத் திருகி முடிக்குமுன் அடியிலிருந்து மேல்வரை வெட்டுக்காயம்போலச் சிவந்தது. இனிச் சந்தேகமில்லை. பெயர் தெரிந்துவிட்டது. புரோட்டியஸ். பெயர் தெரிந்தவள் அவள் ஒருத்தி; கையெழுத்துப் போடும் அதிகாரம் வேறொருவர் விரலில் இருந்தது.

உணவு இடைவேளையில் மேலே போனாள். வார்டின் ஜன்னல்களில் நடுப்பகல் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. காய்ச்சலில் தங்கையின் உதடு வெடித்திருந்தது. ஆனாலும் அக்காவைக் கண்டதும் சிரித்தாள்.

“அக்கா, குழந்தையப் பாத்தியா? என்னை மாதிரியா, அவரை மாதிரியா?”

“இப்போதைக்கு முட்டைக்கோஸ் மாதிரி.”

“போக்கா! அவங்கப்பாவையே உரிச்சு வெச்சிருக்குன்னு மாமியார் சொன்னாங்க.”

“அதைத்தான்டி நானும் சொல்றேன்.”

தங்கை சிரிக்கத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். பிறகு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள். “வயித்து மேல ஏதோ ஊருதுக்கா.”

“தையல் போட்ட இடம் அரிக்கத்தான் செய்யும்.”

“அரிப்பு இல்லக்கா. ஊருது. கொஞ்ச நேரம் ஊரும். அப்புறம் நிக்கும். களைச்சுப்போன மாதிரி. அப்புறம் மறுபடி ஊரும்.”

ஓடும், நிற்கும், இளைப்பாறும், மறுபடி ஓடும். இதை யாரும் இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அக்கா அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பெயர்ந்திருந்த கட்டின் ஓரத்தை, தினமும் செய்வதுபோல, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். கட்டுக்கு அடியில் ஏதோ, பூனையின் முதுகு தடவும் கைக்கு உயர்ந்து கொடுப்பதுபோல, அவள் உள்ளங்கையை நோக்கி உயர்ந்தது. கையை இழுத்துக்கொண்டாள். மூச்சாக இருக்கும். பெரிய மூச்சாக இருக்கும்.

“எப்படியாச்சும் ஊசிய மாத்தச் சொல்லுக்கா. நீ அங்கதான இருக்க. உனக்குத் தெரியாததா?”

படிக்கட்டில் இறங்கும்போது பொறுப்பாளரின் பேச்சு அவள் காதில் திரும்ப ஒலித்தது. கிருமிக்குச் சொந்தபந்தம் கிடையாதாம். பொய். வடிகட்டிய பொய். வேறு எந்தக் கிருமிக்கு இல்லாவிட்டாலும் இந்தக் கிருமிக்கு உண்டு. புரோட்டியஸின் இரண்டு கூட்டங்களை ஒரே தட்டில் எதிரெதிரே விதைத்தால் இரண்டும் படர்ந்து வந்து நடுவில் சந்திக்கும். வேறு வேறு வம்சத்தவையாக இருந்தால் ஒன்றையொன்று குத்திக் கொல்லும். பிணங்கள் விழுந்த இடம் தெளிவான ஒரு கோடாகத் தெரியும். ஒரே வம்சத்தவையாக இருந்தால் கோடு விழாது. அண்ணன் தம்பி கட்டிக்கொள்வதுபோல் கலந்துவிடும். இதைவிட எளிய துப்பறிதல் ஆய்வகத்தில் இல்லை. செத்துப்போனவளின் கிருமியும் தங்கையின் கிருமியும் ஒன்றா? அது வார்டுக்குள் எந்த வழியாக நுழைந்தது? கோடு சொல்லிவிடும். கோடு இல்லாத இடத்தைக் காட்டினால் எந்தப் பொறுப்பாளராலும் அதை மாசு என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும்.

மஞ்சள் பையில் கைவிட்டு லாரிக்காரன் மனைவியின் தட்டைத் தேடி எடுத்தாள். வார்டின் கைகழுவும் தொட்டியிலிருந்தும் கட்டு மாற்றும் டிராலியிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தாள். தலைமைச் செவிலியிடம் போய் நின்றாள்.

“சிஸ்டர், கையைக் கொஞ்சம் நீட்டுங்க.”

“கைரேகை பாக்கப் போறியா? எப்ப ரிட்டயர் ஆவேன்னு சொல்லு, அது போதும்.”

“ஒரு பரிசோதனைக்குத்தான்.”

“இந்தக் கையால எத்தனை குழந்தைய எடுத்திருக்கேன் தெரியுமா? இதப் போய்ச் சந்தேகப்படுற பாரு.” சொல்லிக்கொண்டே நீட்டினாள். கீழே வந்து கேட்டபோது பொறுப்பாளரும் நீட்டினார், அவருக்கு அது வேடிக்கை. “நல்லாப் பாரு. கையெழுத்துப் போட்டுத் தேஞ்ச கை. சுத்தமான கை.”

முறைப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்துப் பிறகுதான் மோதவிட வேண்டும். அதற்கு நேரமில்லை. பெரிய தட்டு ஒன்றை எடுத்து, நடுவில் தங்கையின் கிருமியை வைத்தாள். விளிம்பைச் சுற்றி மற்றவற்றை நேரடியாகவே விதைத்தாள். கடைசியில் ஓர் இடம் எஞ்சியது. ஒன்றும் வளராத இடம் எப்படியிருக்கும் என்று ஒப்பிட்டுக் காட்ட, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கை வேண்டும். தன் விரலை அழுத்தினாள்.

மறுநாள் காலை, பேருந்திலிருந்து இறங்கும்போதே அந்த மணம் வந்தது. வழியில் மீன் விற்கிறவர்கள் இருப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. மருத்துவமனையின் நீண்ட நடைவழியில், சுண்ணாம்பும் பினாயிலும் மணக்கிற சுவர்களுக்கு நடுவே, அது அவளுக்கு ஓரடி முன்னால் நடந்தது. நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தால் அதிலும் இருந்தது, கதவின் கைப்பிடியிலும் இருந்தது, காலையில் வீட்டிலிருந்து கட்டி எடுத்துவந்த சோற்றுப் பாத்திரத்தின் மூடியிலும் இருந்தது. ஆய்வகத்தில் விளக்கு எரிந்தது. இன்குபேட்டரின் முனகல் மாறியிருந்தது. அந்த முனகலுக்கு அடியில், நனைந்த துணியை யாரோ பொறுமையாக, நூல் நூலாகக் கிழிப்பதுபோன்ற ஓசை. சற்று நேரம் கிழிந்தது. நின்றது. மறுபடி கிழிந்தது.

இன்குபேட்டரின் கைப்பிடியைத் தொட்டாள். உடம்புச் சூடு.

அப்போது வெளிக்கதவு சுவரில் மோதித் திறந்தது.

லாரிக்காரன் நின்றான். பிணவறையிலிருந்து நேராக வந்திருந்தான். மனைவியின் செருப்பு ஒரு கையில், மருந்துப் புட்டி தொங்கவிடும் இரும்புத் தாங்கி மறு கையில். பொறுப்பாளர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“யாருப்பா நீ? இங்கல்லாம் வரக் கூடாது.”

“என் பொண்டாட்டி எதுல செத்தா?”

“மேல டாக்டரைக் கேளு.”

“கேட்டேன். கீழ கேளுங்கறாரு. பிரசவத்துக்குன்னு நடந்து வந்தவ சார். சிரிச்சுக்கிட்டு நடந்து வந்தவ. ரெண்டு பிள்ளைங்க வீட்டுல உக்காந்திருக்கு. அம்மா எதுல செத்தாங்கன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல? ஒரு பேர் சொல்லுங்க. பேர் மட்டும் சொல்லுங்க, போயிடறேன்.”

“கிருமி ஒண்ணும் வளரலப்பா. உடம்பு பலவீனம்.”

“வளர்ந்துச்சு,” என்றாள் மூக்கு.

அவள் சொன்னது மெதுவாகத்தான். ஆனால் அறை முழுவதும் கேட்டது.

“வளர்ந்துச்சு. குப்பையில போட்டுட்டோம்.”

இரும்புத் தாங்கி காற்றைக் கிழித்து வந்தது. பொறுப்பாளரின் தாடையில் அது இறங்கியபோது ஈர விறகு பிளக்கும் ஓசை கேட்டது. பல் ஒன்று மேசைமேல் தெறித்துச் சாயப் புட்டிகளுக்கு நடுவே உருண்டது. அவர் கண்ணாடி அலமாரியின்மேல் சாய்ந்தார். அலமாரி அவர்மேல் சாய்ந்தது. ஊதாச் சாயம் சிதறியது. சிவப்புச் சாயம் சிதறியது. எது சாயம், எது இரத்தம் என்று தெரியவில்லை. லாரிக்காரன் மஞ்சள் பையை இரண்டாகக் கிழித்தான். தட்டுகள் தரையெங்கும் கொட்டி உருண்டன. அவன் அவற்றின்மேல் குதித்தான், மிதித்தான், ஒவ்வொன்றும் எலும்புபோல் நொறுங்கியது. “இதுலயா? இதுலயா அவ? இதுல எது அவ?” பொறுப்பாளர் கண்ணாடித் துண்டுகளின்மேல் கையூன்றி எழ முயன்றார். உள்ளங்கை மணிக்கட்டுவரை பிளந்தது. மறுபடி விழுந்தார்.

லாரிக்காரன் அவள் பக்கம் திரும்பினான்.

“பேரு.”

“புரோட்டியஸ்.”

“யாரு அவன்?” என்றான். கேலியில்லை. உண்மையாகவே கேட்டான். “எங்க இருக்கான்?”

அதைக் காட்டத்தான் முடியும். இன்குபேட்டரைத் திறந்தாள். பெரிய தட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

“தொட்ட கை எல்லாம் இதுல இருக்கு. நடுவுல கோடு விழலைன்னா ஒரே கிருமி,” என்று சொல்லிக்கொண்டே கோடுகளைத் தேடினாள்.

நடுவிலிருந்து தங்கையின் வளையங்கள் கிளம்பியிருந்தன. விளிம்பிலிருந்து மற்றவை. செத்தவளின் கிருமி வந்து தங்கையினதோடு கலந்திருந்தது. கோடு இல்லை. கைகழுவும் தொட்டி. கோடு இல்லை. டிராலி. இல்லை. குழந்தைகளை எடுத்த கை. இல்லை. கையெழுத்துப் போட்டுத் தேய்ந்த சுத்தமான கை. இல்லை. எங்கும் சண்டையில்லை. எங்கும் பிணமில்லை. எல்லாம் ஒரே குடும்பம்.

ஒன்றும் வளரக்கூடாத இடத்தைக் கடைசியாகப் பார்த்தாள்.

அங்கேதான் அது எல்லாவற்றையும்விடக் கனத்து வளர்ந்திருந்தது. அவள் விரல் பதிந்த புள்ளியிலிருந்து அகலமான நாக்கு ஒன்று, வளையம் இல்லாமல், நிற்காமல், இளைப்பாறாமல், நேரே தங்கையிடம் போயிருந்தது.

நெற்றி முடியை ஒதுக்கிய கை. கட்டை அழுத்திய கை. தினமும். தினமும்.

“இதுல உன்னது எது?” லாரிக்காரன் கேட்டான். அவனுக்கும் புரிந்துவிட்டது; கோடு வேண்டிய இடத்தில் கோடு இல்லை என்பது எழுதப் படிக்கத் தெரிந்துதான் புரியவேண்டும் என்பதில்லை.

அவள் சுட்டிக்காட்டினாள். சுட்டிய கையின்மேல் இரும்பு இறங்கியது.

தட்டு விழுந்தது. மணிக்கட்டு, இருக்கக் கூடாத இடத்தில் மடிந்து தொங்கியது. அவள் தரையைப் பார்த்தாள். பொறுப்பாளரின் வாயிலிருந்து வழிந்த இரத்தம் நொறுங்கிய தட்டுகளுக்கு நடுவே குளமாகத் தேங்கியிருந்தது. அதன் மேல்பரப்பில் பனிபோல ஒரு படலம். ஒரு வளையம் ஓடியது. நின்றது. அடுத்த வளையம் கிளம்பியது. அவர் முகத்தை நோக்கி. அவர் கண் திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடினாள். படிக்கட்டு. நடைவழி. மணம் முன்னால் ஓடியது.

வார்டில் சத்தமே இல்லை. ஜன்னல் நிறைய வெயில். தலைமைச் செவிலி, கழற்றிய கட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரக் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். வாய் திறந்திருந்தது.

தங்கையின் வயிறு வெயிலில் திறந்து கிடந்தது. தையல்கள் ஒவ்வொன்றாக, உள்ளிருந்து யாரோ விரலால் நெம்பியதுபோல், பிரிந்திருந்தன. அந்தப் பிளவைச் சுற்றித் தோல்மேல் வளையங்கள். ஒன்றைச் சுற்றி ஒன்று. விலா எலும்புவரை. தொடைவரை. தோலே அலையாகியிருந்தது. எதுவும் அசையவில்லை. அத்தனை அலைகளும் பாதியில் உறைந்து நின்றன.

தங்கை கண்ணைத் திறந்தாள். வெடித்த உதடு சிரித்தது.

“வந்துட்டியாக்கா? நின்னுடுச்சு பாரு.” குரல் தெளிவாக இருந்தது. காய்ச்சலே இல்லாத குரல். “காலையில இருந்து நிக்குது. நீ வரட்டும்னு.”

“தொடாத,” என்றாள் அக்கா. “என்னைத் தொடாத.”

தங்கையின் கை நீண்டது. முறிந்த கையைப் பற்றியது. எலும்பு நெரிந்தது. இழுத்தது. அவளால் அந்தப் பிடியிலிருந்து மீள முடியவில்லை. பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தவளின் பிடி அல்ல அது. உள்ளங்கையை வயிற்றின்மேல் வைத்து, மேலிருந்து அழுத்தியது. தினமும் இவள் அழுத்தியதுபோல. அன்பாக.

அலை அசைந்தது.

தோலிலிருந்து விரலுக்கு ஏறியது. விரலிலிருந்து மணிக்கட்டுக்கு. முறிந்த இடத்தைத் தாண்டியது. அவள் கைக்குள்ளிருந்து இன்னோர் அலை, வெகுநாளாகக் காத்திருந்ததுபோல், எதிரே இறங்கி வந்தது. இரண்டும் சந்தித்தன. அக்காவின் தோலும் தங்கையின் தோலும் தொட்ட இடத்தில்.

அவள் பார்த்தாள். ஒரு கோடு. ஒரே ஒரு கோடு விழுந்தால் போதும்.

விழவில்லை.

எங்கே இவள் முடிகிறாள், எங்கே அவள் தொடங்குகிறாள் என்று தெரியவில்லை. அலை சற்று நின்றது. இளைப்பாறியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள், தன் கட்டைக் கையால் பொத்திக்கொண்டு, ஏதோ ஊர்கிறது என்று முனகத் தொடங்கினாள்.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பார்க்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. எழுந்திருங்கள் அந்தப் பெஞ்சிலிருந்து. காய்ச்சல் இறங்காத கட்டிலின் பக்கத்தில் நின்று, இது எந்தக் கிருமி என்று கேளுங்கள். பலவீனம் என்பார்கள், பெயர் கேளுங்கள். மாசு என்பார்கள், யார் கையின் மாசு என்று கேளுங்கள். பெயர் எழுதிய தாள் கைக்கு வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். கழுவாத கை எதுவாயினும், பட்டம் பெற்ற கையானாலும் பாசம் மிகுந்த கையானாலும், அது உங்கள் உயிருக்குயிரானவளின் காயத்தைத் தொடுமுன் பிடித்து நிறுத்துங்கள். அந்தக் கை உங்களுடையதாகவே இருந்தாலும் நிறுத்துங்கள்.